ஃபிரானெகரில் ஒரு வீட்டு விதானம்: ஐசிங்கா கோளரங்கம் குறித்த மதிப்புரை

சூரியக் குடும்பத்தை முதன்முதலாக அறிமுகம் செய்துகொள்ள எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு, குளிரூட்டிய குவிமாட அரங்கையோ கணினித் திரையையோ நான் முதலில் சொல்வதில்லை. நெதர்லாந்தின் வடக்கே, ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில், ஃபிரானெகர் என்ற சிற்றூரில் கால்வாயோரமாக ஒரு பழைய செங்கல் வீடு இருக்கிறது. அந்த வீட்டின் முன்கூடத்து விதானத்தில் புதன் முதல் சனி வரை ஆறு கோள்கள் சூரியனைச் சுற்றி இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆட்டு உரோமத்தைச் சிக்கெடுத்துச் சீவும் தொழில் செய்த ஐசே ஐசிங்கா என்பவர் 1774 முதல் 1781 வரை தம் ஓய்வு நேரத்தில் கட்டிய பொறி அது. இயங்கும் நிலையில் உள்ள கோளரங்குகளுள் உலகிலேயே பழமையானது என்ற பெருமை அதற்கு உண்டு. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இப்போது அருங்காட்சியகமாக நடக்கும் அந்த வீட்டைப் போய்ப் பார்க்கத் தகுமா, போனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், அங்கே எதைப் பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோளரங்கம் என்றதும் இருட்டறையில் சாய்விருக்கையில் படுத்து, வளைந்த கூரையில் வீழ்த்தப்படும் படங்களைப் பார்ப்பதுதான் நம் நினைவுக்கு வரும். ஐசிங்காவின் அறையில் படமும் இல்லை, இருட்டும் இல்லை. நிமிர்ந்து நின்று கை நீட்டினால் எட்டிவிடுமோ என்று தோன்றும் அளவுக்குத் தாழ்வான மரவிதானம். நடுவில் பொன்முலாம் பூசிய சூரியன். அதைச் சுற்றி ஒன்றைவிட ஒன்று பெரிதான வட்டங்களாக வெட்டிய பிளவுகள். ஒவ்வொரு பிளவிலிருந்தும் மெல்லிய கம்பியில் ஒரு சிறு குண்டு தொங்குகிறது. அந்தக் குண்டின் ஒரு பாதி பொன்னிறம், மறுபாதி கறுப்பு. அண்ணாந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால், எல்லாக் குண்டுகளிலும் பொன்னிறப் பாதி நடுச்சூரியனை நோக்கியே திரும்பியிருப்பது தெரியும். சூரியனைப் பார்த்த பக்கம் பகல், முதுகுப் பக்கம் இரவு என்ற பாடத்தை ஐசிங்கா ஒரு சொல்லும் எழுதாமல் இரண்டு நிறங்களால் சொல்லிவிட்டார். அறையின் ஒரு பக்கத்தில், அக்கால டச்சு வீடுகளில் வழக்கமாக இருந்த, சுவருக்குள் பதித்த அலமாரிக் கட்டில் இருக்கிறது. அதற்கு மேலேயும் விதானத்து ஓரங்களிலும் கிழமை, தேதி, நிலவின் பிறை, சூரியனும் நிலவும் உதிக்கும், மறையும் நேரங்கள் ஆகியவற்றைக் காட்டும் முகப்புகள் வரிசையாக அமைந்துள்ளன. குடும்பம் குடியிருந்து, உண்டு, உறங்கிய அறையில்தான் இவ்வளவும் இயங்கியது.

இந்தப் பொறியின் உயிர் அதன் அளவுகோலில் இருக்கிறது. விதானத்தில் 1 மில்லிமீட்டர் என்பது விண்வெளியில் 10 லட்சம் கிலோமீட்டர். சூரியனிலிருந்து பூமி 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், விதானத்தில் பூமிக்குண்டு சூரியனிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. புதன் 6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவிலும், வெள்ளி 11 சென்டிமீட்டர் அளவிலும், செவ்வாய் 23 சென்டிமீட்டர் அளவிலும் இருக்க, அதற்கு அப்பால் ஒரு பெரிய வெற்றிடம் வருகிறது. வியாழன் 78 சென்டிமீட்டரில்தான் வருகிறது. சனி சுமார் 1 மீட்டர் 43 சென்டிமீட்டரில். நம் பள்ளிப் பாடநூல்களில் எட்டுக் கோள்களையும் ஒரே வரிசையில், ஏறக்குறைய சம இடைவெளியில் வரைந்த படத்தைப் பார்த்தே நாமெல்லோரும் வளர்ந்தோம். அந்தப் படம் மனத்தில் பதித்த தவறான வடிவத்தை இந்த விதானம் ஒரே பார்வையில் திருத்திவிடுகிறது. உள்ளே இருக்கும் நான்கு கோள்களும் சூரியனின் காலடியில் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, வியாழனும் சனியும் அறையின் பெரும்பகுதியைத் தமக்கென எடுத்துக்கொண்டிருப்பதை நேரில் பார்த்தவர்கள் பிறகு அந்தப் பாடநூல் படத்தை நம்ப மாட்டார்கள்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கும் அந்த அரை மீட்டருக்கும் மேலான வெறும் பலகையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐசிங்கா அதை வெறுமையாக விட்டபோது அங்கே எதுவும் இருப்பதாக யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்த இடைவெளி இயல்புக்கு மாறாகப் பெரிதாக இருப்பதை அக்கால வானியலாளர்கள் கவனித்திருந்தார்கள். 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலேர்மோ நகரில் பியாட்சி என்ற வானியலாளர் அங்கேதான் செரிஸ் என்ற சிறு வான்பொருளைக் கண்டார். அதைத் தொடர்ந்து சிறுகோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. ஐசிங்கா 1828 வரை வாழ்ந்தவர். தாம் வரைந்த விதானத்தில் செரிஸ் எங்கே வரும் என்பது, சூரியனிலிருந்து 41 சென்டிமீட்டர் என்று, அவருக்கு ஒரு நொடியில் கணக்காகியிருக்கும்.

தொலைவை அளவுகோலால் சுருக்கிய அவர், காலத்தைக் குறைக்கவில்லை, கூட்டவுமில்லை. கடைகளில் விற்கும் கோள் மாதிரிகளில் கைப்பிடியைச் சுற்றினால் பூமி ஒரு நிமிடத்தில் பத்துமுறை சூரியனைச் சுற்றும். இங்கே பூமிக்குண்டு ஒரு சுற்று முடிக்க ஓராண்டு ஆகும். புதனுக்கு 88 நாள், வெள்ளிக்கு 225 நாள், செவ்வாய்க்கு 687 நாள், வியாழனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு, சனிக்கு இருபத்தொன்பதரை ஆண்டு. வானத்தில் அவை எந்த வேகத்தில் செல்கின்றனவோ அதே வேகத்தில், அதே அளவுகோலில், விதானத்திலும் செல்கின்றன. ஆகவே அங்கே நின்று எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் எதுவும் அசைவது தெரியாது. ஒரு மணி நேரத்தில் பூமிக்குண்டு நகர்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, குறிப்பாகச் சிறு பிள்ளைகளோடு வருபவர்கள், "ஓடுகிறது என்கிறார்களே, எங்கே ஓடுகிறது?" என்று கேட்பது இயல்பு. என் கணிப்பில் இதுவே அந்த அறையின் தலையாய சிறப்பு. அசையாதது போலத் தோன்றும் ஒன்று மாறாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதை வானம் நமக்கு எப்படிக் காட்டுகிறதோ, அப்படியே அந்த விதானமும் காட்டுகிறது. ஊசல் தட்டும் ஒலி மட்டும் அறையில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு நுட்பத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அங்கேயே பிடித்துவிடலாம். விதானத்தில் புதன் ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது, பூமி 2.6 மில்லிமீட்டர், வியாழன் 1.1; சனி 0.8. சூரியனிலிருந்து விலக விலக, சுற்றும் பாதை நீள்வது மட்டுமன்றி, ஓடும் வேகமும் குறைந்துகொண்டே போகிறது. பூமியைவிட ஒன்பதரை மடங்கு தொலைவில் இருக்கும் சனிக்கு ஒன்பதரை ஆண்டு போதாமல் இருபத்தொன்பதரை ஆண்டு ஆவது இதனால்தான். சூரியனின் ஈர்ப்பு தொலைவில் வலுக்குன்றுவதால் விளையும் இந்த ஒழுங்கைப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெப்ளர் விதியாக வகுத்தார். ஐசிங்காவின் பற்சக்கரங்கள் அந்த விதியை மரத்தில் செதுக்கி வைத்திருக்கின்றன.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் காலக்கணக்கு புதிதன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். குருப்பெயர்ச்சி ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறையும், சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறையும் வருவதை வானியல் படிக்காத நம் பாட்டிமார்களும் அறிவார்கள். வியாழன் பன்னிரண்டு ஆண்டுகளில் பன்னிரண்டு ராசிகளைக் கடப்பதும், சனி ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் அவற்றைக் கடப்பதும்தான் அந்தக் கணக்கின் அடிப்படை. ஏழரைச் சனி என்று நாம் சொல்லும் கால அளவு, சனி மூன்று ராசிகளைக் கடக்கும் நேரம். ஃபிரானெகர் விதானத்தில் அது சனியின் பெரிய வட்டத்தில் சரியாகக் கால்பகுதி. பலன்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் பஞ்சாங்கம் பார்த்த பழக்கமுள்ள ஒருவர் அந்த அறையில் நின்றால், தமக்கு ஏற்கெனவே தெரிந்த எண்களுக்கு உருவம் கிடைத்துவிட்டதை உணர்வார். செவ்வாய் வக்ரமாகிறது என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பதற்கும் அங்கே விளக்கம் கிடைக்கும். பூமியின் வட்டம் செவ்வாயின் வட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. பூமி வேகமாகவும் ஓடுகிறது. ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை பூமி செவ்வாயை முந்திக்கொண்டு போகும்போது, நம் பார்வையில் செவ்வாய் பின்னோக்கிப் போவதுபோலத் தெரிகிறது. இரண்டு குண்டுகளையும் இரண்டு வட்டங்களையும் பார்த்தபடி இதைக் கேட்பவருக்கு மறுமுறை சொல்ல வேண்டியிராது.

ஐசிங்கா ஏன் இதைக் கட்டினார் என்பதற்கு அருங்காட்சியகத்தில் சொல்லப்படும் கதையும் நமக்கு அந்நியமானதன்று. 1774 மே 8 அன்று புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், நிலவு ஆகியவை மேஷத்தில் நெருங்கி நின்றன. போசம் என்ற ஊரின் பாதிரியார் ஏல்கோ ஆல்டா, இந்தக் கோள்கூட்டத்தால் பூமி தன் பாதையிலிருந்து இழுக்கப்பட்டுச் சூரியனில் விழுந்து எரிந்துபோகலாம் என்று ஒரு சிறுநூலை வெளியிட, ஃபிரீஸ்லாந்து மக்களிடையே பெரும் அச்சம் பரவியது. குறித்த நாள் வந்தது, போனது. கோள்கள் உண்மையில் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதை எவரும் கண்ணால் காணும்படி செய்துவிட்டால் இத்தகைய அச்சத்துக்கு இடமிராது என்ற எண்ணத்தில் ஐசிங்கா அதே ஆண்டு வேலையைத் தொடங்கினார் என்கிறார்கள். 1962 பிப்ரவரியில் மகரத்தில் எட்டுக் கிரகங்கள் கூடியபோது நம் நாடெங்கும் யாகங்களும் பிரார்த்தனைகளும் நடந்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள், இந்த ஃபிரீஸ்லாந்துக் கதையைக் கேட்கும்போது அதை அருகில் உணர்வார்கள். விதானத்தில் பார்த்தால், வானில் ஒரே இடத்தில் கூடிய கோள்கள் ஒரே திசையில் இருக்கின்றனவே தவிர, அவற்றுக்கிடையே கோடிக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி அப்படியே இருக்கிறது என்பது தெளிவாகிவிடும்.

அறையைப் பார்த்து முடித்ததும் குறுகிய படியேறிப் பரணுக்குப் போகலாம். கட்டாயம் போக வேண்டும் என்பேன். கீழே அமைதியாகத் தொங்கும் குண்டுகளை நகர்த்தும் இயந்திரம் அங்கேதான் இருக்கிறது. பெரிய மர வளையங்களும் வட்டப் பலகைகளும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்க, அவற்றின் பற்களாகக் கையால் அடித்த இரும்பாணிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. மொத்தம் பத்தாயிரம் ஆணிகள் என்பது கணக்கு. வார்ப்பில் எடுத்த பல் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். இந்த ஆணிகளிலோ தலை சற்றே சாய்ந்தது, தண்டு சற்றே தடித்தது என்று ஒவ்வொன்றும் வேறுபடுகிறது. ஆனாலும் அடுத்த சக்கரத்தின் ஆணி வந்து விழ வேண்டிய இடைவெளி மட்டும் பிசகவில்லை. ஒரு சக்கரத்தில் ஓர் ஆணி கூடினாலோ குறைந்தாலோ அந்தக் கோளின் ஆண்டு நீண்டுவிடும் அல்லது சுருங்கிவிடும். இத்தனையையும் இயக்குவது ஒரே ஓர் ஊசல் கடிகாரமும் ஒன்பது எடைக்கட்டைகளும்தான். ஊசலைப் பற்றி ஒரு குடும்பச் செய்தியும் சொல்கிறார்கள்: முதலில் திட்டமிட்ட நீண்ட ஊசல் அலமாரிக் கட்டிலுக்குள் இறங்கி ஆடும்படி இருந்ததால், ஐசிங்காவின் மனைவி பீட்யே யாகப்ஸ் அதற்கு ஒப்பவில்லை. ஊசலைக் குறுக்கினால் அது விரைவாக ஆடும். விரைவாக ஆடினால் மேலேயிருக்கும் சக்கரக் கணக்கு மாறும். ஐசிங்கா ஊசலைக் குறுக்கி, கணக்கை மறுபடி போட்டார். உறங்கும் இடத்தில் இரும்பு ஊசல் ஆடக்கூடாது என்று அந்த அம்மையார் சொன்னதில் முழு நியாயம் இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

ஐசிங்காவுக்கு உயர்கல்வி கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பரணில் நிற்க வேண்டும். 1744-ல் ட்ரான்ரைப் என்ற அருகூரில் பிறந்தவர். தந்தையின் உரோமத் தொழிலையே தாமும் ஏற்றவர். சிறுவனாக இருந்தபோது கணிதம் கற்க ஃபிரானெகருக்கு நடந்தே வந்தவர். பதினேழு வயதில் கணிதக் குறிப்புகளைப் பெரிய நூலாகவே எழுதி வைத்தார். அப்போது ஃபிரானெகரில் 1585-ல் தோன்றிய பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. அதன் பேராசிரியர் வான் ஸ்விண்டன் இந்தப் பொறியை நேரில் வந்து பார்த்து வியந்து, 1780-ல், அதாவது வேலை முழுதாக முடியும் முன்பே, அதைப் பற்றி நூல் வெளியிட்டார். பிறகு அரசியல் கொந்தளிப்பில் ஐசிங்கா 1787-ல் ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. அவர் இல்லாத காலத்தில் பீட்யே இறந்துபோனார். சிறையும் நாடுகடத்தலும் பட்டுத்தான் அவர் வீடு திரும்பினார். 1818-ல் அரசர் முதலாம் வில்லெம் வந்து பார்த்தார். 1825-ல் டச்சு அரசு வீட்டையும் பொறியையும் விலைக்கு வாங்கியது. 1859-ல் அது ஃபிரானெகர் ஊருக்கே கொடுக்கப்பட்டது. அந்தப் பல்கலைக்கழகம் 1811-ல் மூடப்பட்டது. உரோமத் தொழிலாளியின் விதானம் இன்னும் ஓடுகிறது.

இனி, அங்கே கிடைக்காதவை. கோள்களின் பருமனை இந்த விதானத்தில் கற்க முடியாது, கற்கவும் கூடாது. தொலைவுக்கு வைத்த அளவுகோலையே பருமனுக்கும் வைத்தால் சூரியன் வெறும் 1.4 மில்லிமீட்டர் புள்ளியாகிவிடும். வியாழன் அதிலும் பத்தில் ஒரு பங்கு. பூமி கண்ணுக்கே தெரியாத துகள். ஆகவே குண்டுகளைப் பார்வைக்கு ஏற்றபடி ஐசிங்கா பெரிதாக்கினார், அதில் வேறு வழியில்லை. ஆனால் இதை வருபவர்களுக்கு அழுத்திச் சொல்லாவிட்டால், தொலைவைச் சரியாகக் கற்ற பிள்ளை பருமனைத் தவறாகக் கற்றுக்கொண்டு வீடு திரும்பும். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் தாமே எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது: வியாழனின் குறுக்களவு பூமியைப் போல் பதினொரு மடங்கு, சூரியனுடையது நூற்றொன்பது மடங்கு.

அடுத்து, யுரேனஸும் நெப்டியூனும் அங்கே இல்லை. 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டார். முதலில் அதை வால்வெள்ளி என்றே எண்ணினார். ஐசிங்கா தம் வேலையை முடித்ததும் அதே ஆண்டுதான். ஏழாண்டு உழைப்பு நிறைவுறும் வேளையில் சூரியக் குடும்பம் இரண்டு மடங்காக விரிந்துவிட்டது. விதானத்தின் அளவுகோலில் யுரேனஸ் சூரியனிலிருந்து 2 மீட்டர் 87 சென்டிமீட்டரில் தொங்க வேண்டும்; அப்படியானால் அதன் வட்டத்துக்கு ஐந்தே முக்கால் மீட்டர் அகலமுள்ள அறை வேண்டும். சுவர் இடம் தரவில்லை. 1846-ல் கண்டறியப்பட்ட நெப்டியூனுக்கோ மையத்திலிருந்து நாலரை மீட்டர் தேவை, அதாவது வீட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். இந்த இல்லாமையையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அறையை விட்டு வெளியே வந்து, அதே அளவுகோலோடு தெருவில் நடந்து பாருங்கள். 1977-ல் ஏவப்பட்ட வாயேஜர் 1, மனிதன் அனுப்பியவற்றுள் மிகத் தொலைவு போன கலம், இன்று அந்தச் சூரியனிலிருந்து ஏறக்குறைய 25 மீட்டரில் இருக்கும். அரை நூற்றாண்டு ஓட்டத்தில் அது கடந்தது அவ்வளவுதான். நமக்கு அடுத்த விண்மீனான ப்ராக்ஸிமா செண்டாரியோ 40 கிலோமீட்டருக்கு அப்பால், வேறு ஊரில் இருக்கும். ஒளியே கூட இந்த அளவுகோலில் நொடிக்கு 0.3 மில்லிமீட்டர்தான் ஊர்கிறது. சூரியனிலிருந்து பூமிக்குண்டு வரையிலான 15 சென்டிமீட்டரைக் கடக்க அதற்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். விளக்கவுரையைக் கேட்டு முடிப்பதற்குள் ஒளி பூமியைத் தாண்டிச் செவ்வாயை நெருங்கியிருக்கும்.

கோள்களின் தன்மையைப் பற்றியும் விதானம் எதுவும் சொல்லாது. புதன் சூரியனுக்கு அருகில் இருந்தும், அடர்ந்த கரியமில வாயு போர்த்திய வெள்ளிதான் அதைவிட வெப்பமானது என்பதோ, செவ்வாயின் செந்நிறம் இரும்புத்துருவால் வந்தது என்பதோ, சனிக்கு 270-க்கும் மேற்பட்ட நிலவுகள் கண்டறியப்பட்டுள்ளன என்பதோ பதினெட்டாம் நூற்றாண்டு மனிதரிடம் எதிர்பார்க்கக் கூடியவையல்ல. அருங்காட்சியகத்தின் மற்ற அறைகளில் பழைய வானியல் கருவிகளும் இக்காலச் செய்திகளைச் சொல்லும் காட்சிகளும் உள்ளன. அவை பயனுள்ளவைதாம், ஆனால் அத்தகையவற்றை வேறு நகரங்களிலும் பார்க்கலாம். நேரம் குறைவாக இருந்தால் விதானத்துக்கும் பரணுக்குமே அதைக் கொடுங்கள்.

விளக்கவுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வழிகாட்டி அறைக்குள்ளேயே நின்று ஒவ்வொரு முகப்பாகச் சுட்டிக்காட்டி விளக்குவார். டச்சு மொழியில் வழக்கமாக நடக்கும். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் நுழைவிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. எழுத்து எல்லாம் டச்சில் இருப்பதால், விளக்கவுரை இல்லாமல் பார்ப்பவர்களுக்கு முகப்புகளில் பாதி புரியாமல் போய்விடும். ஆகவே அதைத் தவறவிடக் கூடாது. நடுத்தரக் குடும்பம் ஒன்று வாழ்ந்த கூடம் என்பதால் அறை சிறியது. பள்ளி விடுமுறை நாட்களில் நெருக்கம் இருக்கும். ஒரு குழு விளக்கம் கேட்டு வெளியேறிய பிறகு அறை சில நிமிடங்கள் காலியாகும். அப்போது திரும்பி உள்ளே போய் நின்று நிதானமாகப் பார்ப்பதே சிறந்த வழி. கழுத்து வலி உள்ளவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருப்பதை மனத்தில் கொள்ளுங்கள். பரணுக்கு ஏறும் படி முதியவர்களுக்குச் சிரமம் தரக்கூடியது.

எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அசையாத குண்டுகளில் அவர்களுக்கு மனம் நிற்காது. கணக்குப் போடத் தெரிந்த, மில்லிமீட்டரைக் கிலோமீட்டராக மாற்றிப் பார்ப்பதில் ஆர்வமுள்ள பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. தச்சு, இயந்திரம், கடிகாரம் ஆகியவற்றில் கை வைத்தவர்கள் பரணை விட்டு இறங்க மனமில்லாமல் நிற்பார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து லேவார்டன் வரை ரயிலில் போய், அங்கே ஹார்லிங்கன் செல்லும் சிறு ரயிலுக்கு மாறி ஃபிரானெகரில் இறங்க வேண்டும். மொத்தத்தில் இரண்டரை மணி நேரத்துக்குமேல் ஆகிவிடும். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். இந்த ஒன்றைப் பார்ப்பதற்காக மட்டும் ஒரு நாளைச் செலவிடலாமா என்றால், செலவிடலாம் என்பதே என் பதில்.

இயந்திரம் தானே ஓடினாலும் முழுதாகத் தன்னிச்சையானதன்று. ஆண்டைக் காட்டும் எண்கள் ஒரு பலகையில் எழுதப்பட்டுள்ளன. 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் பலகையை மாற்றியெழுத வேண்டும். பிப்ரவரி 29-ஐப் பொறி அறியாது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கையால் திருத்த வேண்டும். எடைகளை ஏற்றி வைக்க வேண்டும். ஐசிங்கா இவற்றுக்கெல்லாம் குறிப்புகள் எழுதி வைத்துப் போனார். அவருக்குப் பின் வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவருகிறார்கள். நுழைவுக் கட்டணம் எதற்குப் போகிறது என்று கேட்பவர்களுக்கு இது போதுமான விடை.

போகிறவர்களுக்கு ஒரு செயல்முறையையும் சொல்லிவிடுகிறேன். விதானத்தில் பூமிக்குண்டிலிருந்து சூரியனுக்கு ஒரு கோடும், நீங்கள் பார்க்க விரும்பும் கோளுக்கு ஒரு கோடும் மனத்தில் இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் மிகச் சிறிதாக இருந்தால் அந்தக் கோள் இப்போது சூரிய வெளிச்சத்தில் மறைந்திருக்கிறது என்று பொருள். கோடுகள் ஏறக்குறைய எதிரெதிராகப் போனால், அந்தக் கோள் சூரியன் மறையும்போது கிழக்கே எழுந்து இரவு முழுதும் தெரியும். புதனுக்கும் வெள்ளிக்கும் இதைச் செய்து பார்த்தால், அவை பூமியின் வட்டத்துக்கு உள்ளே இருப்பதால் கோணம் ஓர் எல்லைக்குமேல் விரிவதே இல்லை என்பது தெரியும். புதனுக்கு 28 பாகை, வெள்ளிக்கு 47 பாகை. விடிவெள்ளி நள்ளிரவில் ஏன் தெரிவதில்லை என்பதற்கு அதுவே காரணம். வியாழனுக்கும் சனிக்கும் கோணத்தைக் கணித்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அன்றிரவு மேகமில்லாமல் இருந்தால் ஊருக்கு வெளியே வயல்வெளிக்குப் போய்ச் சரிபாருங்கள். ஃபிரீஸ்லாந்து தட்டையான நிலம்; அடிவானம் வரை மறைப்பு எதுவும் இராது.